வலப்பக்கச் சன்னல்

அந்த மகிழுந்தின் வலப்பக்கச் சன்னல் முதன்முதலில் முரண்டு பிடித்தது புக்கிட் ராஜா சுங்கச் சாவடியில்தான். அட்டையைத் தொட்டுக் காட்டுவதற்காக அவர் சன்னலை இறக்கினார். இறங்கிய கண்ணாடி மீண்டும் ஏறவில்லை. பொத்தானை அழுத்தினால் கதவுக்குள்ளிருந்து 'கரகர'வென்று ஓசை மட்டும் வந்தது. பின்னால் நின்ற லாரி ஒலியெழுப்பியது. பின்னிருக்கையில் இருந்த பயணிக்கு விமானத்தைப் பிடிக்க வேண்டிய அவசரம். வானமோ இருண்டுகொண்டு வந்தது.

சாவடியைத் தாண்டிச் சாலையோரமாக வண்டியை நிறுத்தினார். இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியின் இரு பக்கமும் வைத்து அழுத்தி, மேல்நோக்கி இழுத்தார். சிறிது சிறிதாக அது ஏறியது. மறுநாள் காலையில், தேய்ந்துபோன ரப்பர் செருப்பிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கண்ணாடிக்கும் கதவுக்கும் இடையே செருகினார். கண்ணாடி இறங்காமல் நின்றது. ஒரு காசு செலவில்லை.

"சமாளித்துவிட்டேன்" என்று மனைவியிடம் சொன்னார். அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்தவர். தொழிற்சாலை மூடப்பட்டபோது கிடைத்த தொகையில் பாதியை வீட்டுக் கடனுக்குக் கட்டினார். எஞ்சியதை முன்பணமாகக் கொடுத்து, ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய மகிழுந்தை வாங்கினார். கைப்பேசிச் செயலி வழியாகப் பயணிகளை ஏற்றிச் செல்லும் இ-ஹெய்லிங் தொழில்தான் இப்போது குடும்பத்துக்குச் சோறு போடுகிறது. மகள் படிவம் ஐந்து; எஸ்.பி.எம். தேர்வு எழுதப் போகிறாள். மகன் படிவம் ஒன்று. வண்டி ஓடாத நாளில் வருமானமும் இல்லை. அதனால் சன்னலுக்காக ஒரு நாள் வண்டியைப் பட்டறையில் விடுவது அவருக்கு வீண்செலவாகத் தோன்றியது.

அதன் பிறகு சுங்கச் சாவடி வந்தால் அவர் கதவையே திறந்து, உடம்பைச் சாய்த்து, அட்டையைக் காட்டுவார். முதலில் பயணிகள் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். இரண்டு வாரத்தில் அது வழக்கமாயிற்று. இரண்டு மாதத்தில், சன்னல் பழுதாகியிருக்கிறது என்பதையே அவர் மறந்துவிட்டார். அவருடைய கண்ணுக்கு எல்லாச் சன்னல்களும் அப்படித்தான் இருக்கும் என்பது போல ஆகிவிட்டது.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. தான் எழுதிய கட்டுரையை மூன்று முறை படித்த பின்னும் அதிலுள்ள எழுத்துப்பிழை எழுதியவர் கண்ணுக்குப் படுவதில்லை. பக்கத்தில் இருக்கும் தோழி ஒரு பார்வையிலேயே சுட்டிக்காட்டி விடுகிறாள். அவளுக்குக் கூர்மையான கண் என்பதால் அன்று. அந்தப் பிழையோடு அவள் பழகவில்லை, அவ்வளவுதான்.

ஒரு நண்பகல், வெயிலில் நின்றிருந்த வண்டியின் கதவைச் சற்று வேகமாகச் சாத்தினார். 'பட்' என்ற ஓசையுடன் கண்ணாடி முழுவதும் நொறுங்கிக் கொட்டியது. இருக்கையிலும் தரையிலும் கற்கண்டுச் சிதறலைப் போலச் சிறு சிறு துண்டுகள். கையில் ஒரு கீறலும் இல்லை. மகிழுந்தின் பக்கச் சன்னல்களுக்குப் பயன்படும் கண்ணாடி அப்படித்தான் உடையும். செய்யும்போதே அதை மிகுந்த சூட்டுக்கு உள்ளாக்கி, பின் சட்டென்று குளிரூட்டுகிறார்கள். அதனால் அதன் மேற்பரப்பு இறுகி வலுப்பெறுகிறது. ஆனால், விளிம்பில் ஓரிடத்தில் அடிபட்டால் போதும், மொத்தக் கண்ணாடியும் ஒரே நொடியில் மழுங்கிய துண்டுகளாகிவிடும். முன்பக்கப் பெரிய கண்ணாடி வேறு வகை. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மெல்லிய நெகிழிப் படலம் இருப்பதால் அது விரிசல் விடுமே தவிர, கொட்டாது. செருப்புத் துண்டு நெடுநாள் விளிம்பை அழுத்திக்கொண்டே இருந்ததுதான் காரணம் என்று பின்னர் பட்டறைக்காரர் சொன்னார்.

பழைய மகிழுந்துகளைப் பிரித்து உதிரிப்பாகம் விற்கும் கடைக்கு அன்றே போனார். தவுக்கே உள்ளே போய்த் தேடி, அதே வகை வண்டியின் கண்ணாடி ஒன்றைத் தூசி தட்டி எடுத்து வந்தார். புதிய கண்ணாடியின் விலையில் பாதிகூட இல்லை. அதில் கறுப்பு ஒட்டுத்தாள் ஏற்கெனவே ஒட்டியிருந்தது. பலரும் 'டின்டட்' என்று சொல்வது இதைத்தான்.

"இன்னும் நல்லதுதானே, வெயில் அடிக்காது" என்றார் தவுக்கே.

அது அவருக்கும் நல்லதாகத்தான் பட்டது. நாள் முழுவதும் வண்டி ஓட்டுபவரின் கைகளைப் பார்த்தால் தெரியும். சன்னல் பக்கம் இருக்கும் வலக்கை ஒரு நிறம். இடக்கை வேறு நிறம். பிற்பகல் வெயிலில் விமான நிலையம் வரை போய் வந்தால் வலக்கை எரியும். அன்று கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீடு திரும்பியபோது, யாரோ தலைக்கு மேல் குடை பிடித்தது போல இருந்தது. கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறியை மட்டும் அவர் மாற்றவில்லை. கடைக்காரர் பையன் ஏதோ முடுக்கிவிட்டுக் கொடுத்தான். கண்ணாடி முனகிக்கொண்டே மெதுவாக ஏறி இறங்கியது. அது போதும் என்று அவர் நினைத்தார்.

இடையில் ஒரு நாள் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை. மழை. பிரத்தியேக வகுப்பு முடிந்த மகளை ஏற்றிக்கொண்டு காப்பார் சாலையில் வந்துகொண்டிருந்தார். முன்னால் ஒரு கொள்கலன் லாரி ஊர்ந்தது. அதைக் கடப்பதற்காக வலப்பக்கப் பின்பார்வைக் கண்ணாடியைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. சமிக்ஞை விளக்கைப் போட்டுவிட்டு வலப்பக்கத் தடத்துக்குத் திரும்பினார்.

நீண்ட ஒலி ஒன்று காதருகில் கேட்டது. ஒரு மோட்டார் சைக்கிள் சாலை நடுவிலுள்ள தடுப்பை உரசுவது போல ஒதுங்கி, தள்ளாடி, காலை ஊன்றி நின்றது. முதுகுக்குப் பின்னால் பெரிய உணவுப் பெட்டி. ஓட்டியவன் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்.

அவருக்கு நெஞ்சு படபடத்தது. அந்தப் படபடப்பு கோபமாக மாறியது. சன்னலை இறக்கினார், அது முனகி முனகிப் பாதிவரை இறங்குவதற்குள் கோபம் இன்னும் ஏறிவிட்டது. "கண் தெரியவில்லையா? விளக்குப் போடாமல் எங்கிருந்து வருகிறாய்?" என்று கத்தினார். பையன் ஒன்றும் பேசவில்லை. நனைந்த முகத்தோடு ஒருமுறை பார்த்தான். பெட்டி சாய்ந்திருக்கிறதா என்று கையைப் பின்னால் விட்டுத் தடவிப் பார்த்தான். பிறகு போய்விட்டான்.

சிறிது தூரம் போன பின் மகள் சொன்னாள்: "விளக்கு எரிந்ததுப்பா."

அவர் பதில் சொல்லவில்லை. மழையின் சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது என்று மகள் விட்டுவிட்டாள்.

நம் நாட்டில் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கை எரியவிட்டுத்தான் செல்ல வேண்டும். 1992ஆம் ஆண்டு முதல் அது சட்டம். சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். மற்ற ஓட்டுநர்களின் கண்ணில் அவர்கள் பட வேண்டும் என்பதற்காகவே அந்த விளக்கு.

இ-ஹெய்லிங் தொழிலுக்கான விதிகள் 2019ஆம் ஆண்டு நடப்புக்கு வந்தன. மூன்று ஆண்டுகளுக்கு மேலான வண்டி என்றால், ஆண்டுக்கு ஒருமுறை சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோய்த் தேர்ச்சி பெற வேண்டும். இல்லையெனில் பயணிகளை ஏற்ற அனுமதி கிடைக்காது. அவருடைய வண்டிக்கு வயது ஏழு. அனுமதி முடிய இன்னும் நான்கு நாள்களே இருந்தபோதுதான் அவருக்குச் சோதனைக்கான முன்பதிவு கிடைத்தது. முன்னதாகவே பதிந்திருக்கலாம். பள்ளி விடுமுறைக் காலத்தில் சவாரி அதிகம் என்பதால் தள்ளிப் போட்டுவிட்டார்.

சோதனைக்கு முந்தைய மாலையில் வீடே பரபரப்பாக இருந்தது. மகன் வண்டியைக் கழுவினான். மகள் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, அப்பா சொல்லச் சொல்ல ஒவ்வொரு விளக்காகப் போட்டுக் காட்டினாள். பிரேக்கை மிதித்தாள். பின்பக்கம் நின்று, "எரியுது, எரியுது" என்றார் அவர். சக்கரங்களின் காற்றை அளந்தார். துடைப்பான் ரப்பரை மாற்றினார். இருக்கை வார்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். வலப்பக்கச் சன்னலையும் மகன் துடைத்துப் பளபளப்பாக்கினான். அதில் பார்க்க ஒன்றும் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

"நாளைக்கு அப்பாவுக்குத்தான் தேர்வு" என்று சிரித்தாள் மகள்.

காலையில் பசியாறாமலேயே கிளம்பினார். சோதனை நிலையத்தில் அவருக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு வண்டிகள். உயரமான கூரை. அதன் கீழே நீண்ட தடங்கள். சோதகர் ஒருவர் சாவியை வாங்கிக்கொண்டு வண்டியைத் தாமே ஓட்டிச் சென்றார். உரிமையாளர்கள் ஓரமாக நின்று பார்க்க வேண்டியதுதான். முதலில் இயந்திர எண்ணையும் அடிச்சட்ட எண்ணையும் ஒப்பிட்டார்கள். புகைக்குழாயில் கருவியைச் செருகிப் புகையை அளந்தார்கள். தரையில் பதித்த உருளைகளின் மேல் சக்கரங்களை நிறுத்தி, உருளைகளைச் சுழலவிட்டு, பிரேக் எவ்வளவு வலுவாகப் பிடிக்கிறது என்று பார்த்தார்கள். பள்ளத்துக்குள் நின்ற ஒருவர் வண்டியின் அடிவயிற்றைக் கைவிளக்கால் ஆராய்ந்தார். ஒவ்வொன்றும் முடியும்போதும் அவர் அந்தச் சோதகரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தேர்வு முடிவுக்காக நிற்கும் மாணவனின் பார்வைக்கும் அதற்கும் அதிக வேறுபாடில்லை.

கடைசியில் சோதகர் ஒரு சிறு கருவியை எடுத்து வந்தார். அது இரண்டு பாகம் கொண்டது. ஒன்றைக் கண்ணாடியின் வெளிப்பக்கமும் மற்றொன்றை உட்பக்கமும் நேருக்கு நேராக வைத்தார். ஒரு பக்கத்திலிருந்து செல்லும் ஒளியில் எத்தனை விழுக்காடு மறுபக்கம் வந்து சேர்கிறது என்பதை அது காட்டும். முன்பக்கப் பெரிய கண்ணாடிக்குக் குறைந்தது 70 விழுக்காடு இருக்க வேண்டும்; முன்பக்கச் சன்னல்களுக்கு 50. பெரிய கண்ணாடி தேறியது. இடப்பக்கச் சன்னலும் தேறியது.

வலப்பக்கச் சன்னலில் வைத்தபோது கருவி 27 என்று காட்டியது. சோதகர் கண்ணாடியைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தார். 27.

கையில் கிடைத்த தாளில் எல்லா வரிகளும் தேர்ச்சி. ஒரே ஒரு வரி மட்டும் தோல்வி. மொத்தத்தில் தோல்வி.

அவருக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. பிரேக் நன்றாக இருக்கிறது. சக்கரம் நன்றாக இருக்கிறது. புகைகூட இல்லை. ஒரு கண்ணாடித் துண்டுக்காக ஒரு மனிதனின் பிழைப்பை நிறுத்துவதா? பின்னிருக்கையில் எத்தனையோ பேரைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்த வண்டி அல்லவா? இந்தக் கேள்விகளை அவர் யாரிடமும் கேட்கவில்லை. வாயிலுக்கு வெளியே இருந்த ஒட்டுக்கடையில் ஒரு தேநீரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

எதிரே அமர்ந்திருந்த இளைஞர் ஒருவர் தாளை எட்டிப் பார்த்தார். "டின்டட்டா அண்ணே?" என்று கேட்டார். கேட்ட விதத்திலேயே அவருக்கு இது தொழில் என்று தெரிந்தது.

"ஒன்றும் கவலைப்படாதீர்கள். உங்கள் வண்டிக்கு வெள்ளைக் கண்ணாடி ஒன்று என்னிடம் இருக்கிறது. மாட்டிக் கொடுக்கிறேன். உள்ளே கொண்டுபோய்க் காட்டுங்கள். தேர்ச்சி கிடைத்ததும் வெளியே வாருங்கள். அதைக் கழற்றிக்கொண்டு உங்கள் கறுப்புக் கண்ணாடியையே மாட்டி விடுகிறேன். எண்பது வெள்ளி. இன்றைக்கே முடிந்துவிடும்."

அவர் மனத்துக்குள் கணக்குப் போட்டார். எண்பது வெள்ளி. இன்றே முடிந்தால் மாலையில் சவாரிக்குப் போகலாம். நிழலும் போகாது. யாரையும் ஏமாற்றுவதாக அவருக்கு அப்போது தோன்றவில்லை. தாளில் ஒரு குறி மாறப் போகிறது, அவ்வளவுதானே? "வண்டியை எடுத்து வருகிறேன்" என்று சொல்லி எழுந்தார்.

உள்ளே போனபோது அந்தச் சோதகர் வண்டியின் அருகில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மலாய்க்கார இளைஞர், முப்பது வயதிருக்கும். சாவியை வாங்கும்போது அவரால் அடக்க முடியவில்லை. "மற்ற எல்லாம் சரியாக இருக்கிறது. இந்த ஒரு கண்ணாடிக்காகவா?" என்று மலாய் மொழியில் கேட்டார்.

சோதகர் வாதாடவில்லை. ஒரு நாளில் எத்தனை பேரிடம் இதே கேள்வியைக் கேட்டிருப்பாரோ! "உட்காருங்கள், அங்கிள்" என்றார். அவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். கதவு மூடியிருந்தது, சன்னலும் ஏற்றப்பட்டிருந்தது.

"வலப்பக்கப் பின்பார்வைக் கண்ணாடியில் என்ன தெரிகிறது?"

பார்த்தார். கூரையின் நிழலில் பின்பக்கம் மங்கலாக இருந்தது. "சுவர் தெரிகிறது. ஒரு தூண்."

"வேறு?"

"வேறு ஒன்றுமில்லை."

"சன்னலை இறக்குங்கள்."

பொத்தானை அழுத்தினார். கண்ணாடி முனகிக்கொண்டு இறங்கியது. தூணுக்குப் பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. கருநீல நிறம். அதன் அருகில் குந்தியபடி ஒருவர் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் திரும்பி, நேராகவே பின்னால் பார்த்தார். வண்டி இருந்தது, ஆள் இருந்தார். மீண்டும் சன்னலை ஏற்றினார். மோட்டார் சைக்கிள் தூணின் நிழலோடு கலந்து போயிற்று. குந்தியிருந்தவர் இருந்த இடத்தில் ஒரு கறுப்புத் திட்டு. இறக்கினார், அவர் சோற்றை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். ஏற்றினார். இறக்கினார்.

பக்கவாட்டுப் பின்பார்வைக் கண்ணாடி வண்டிக்கு வெளியே இருக்கிறது. ஓட்டுநரோ உள்ளே இருக்கிறார். இரண்டுக்கும் நடுவே இருப்பது சன்னல். பின்னால் வருவதைப் பார்க்கிறோம் என்று நினைக்கும்போதெல்லாம் அந்தச் சன்னலின் வழியாகத்தான் பார்க்கிறோம். எத்தனையோ ஆண்டுகளாக வண்டி ஓட்டிய அவர் இதை அன்றுவரை எண்ணிப் பார்த்ததில்லை. நண்பகலில் அந்த இருட்டு உறைக்காது; வெளிச்சம் குறையக் குறையத்தான் அது வேலையைக் காட்டும்.

"மழையில் இன்னும் மோசம்" என்றார் சோதகர். அதற்குள் யாரோ அழைக்க, அடுத்த வண்டியை நோக்கிப் போய்விட்டார். போகும்போது, "அந்தச் சன்னல் இறங்கும் சத்தமும் சரியில்லை, அங்கிள். பட்டறையில் காட்டுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சிறிது நேரம் அசையாமல் அமர்ந்திருந்தார். பின்னால் நின்ற வண்டி ஒலியெழுப்பிய பிறகுதான் இயந்திரத்தை முடுக்கினார்.

வாயிலில் அந்த இளைஞர் தயாராக நின்றிருந்தார்.

"வேண்டாம் தம்பி."

"எழுபது கொடுங்கள், அண்ணே."

"வேண்டாம்."

"அறுபது?"

அவர் தலையை அசைத்துவிட்டு வண்டியை நகர்த்தினார். சன்னலை இறக்கியபடியே கிள்ளான் வரை ஓட்டி வந்தார். வெயில் வலக்கையில் நேராக அடித்தது.

வீட்டில் அவர் அதிகம் பேசவில்லை. "சன்னலில் தோல்வி" என்று மட்டும் சொன்னார். மனைவி ஏதோ கேட்க வாயெடுத்தவர், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சோற்றைப் போட்டுக் கொடுத்தார். மாலையில் மகள் கூந்தல் உலர்த்தும் கருவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நீண்ட மின்வடம் ஒன்று சன்னல் வழியாக வரவேற்பறையிலிருந்து வண்டிவரை நீண்டது. பழைய ஒட்டுத்தாளைச் சும்மா இழுத்தால் அது கிழிந்து கிழிந்து வரும். பசை கண்ணாடியிலேயே தங்கிவிடும். சூடான காற்றைக் காட்டி, பசை இளகிய பின், ஒரு மூலையைத் தகட்டால் நெம்பி, மெதுவாக உரிக்க வேண்டும். மகள் காற்றைக் காட்டினாள், அப்பா உரித்தார்.

ஒரு சாண் அகலம் உரிந்திருக்கும். கண்ணாடியில் உரிந்த இடம் வழியாக எதிர்வீட்டின் சிவப்பு வாளி பளிச்சென்று தெரிந்தது. உரியாத இடத்தில் அது வெறும் நிழல்.

"அன்றைக்கு அந்தப் பையனின் விளக்கு எரிந்தது என்று சொன்னாயே" என்றார் அவர்.

மகள் கருவியை நிறுத்தினாள். அப்படியானால் அன்று அவர் காதில் விழுந்துதான் இருந்தது.

"ஆமாம்ப்பா."

"நன்றாகப் பார்த்தாயா?"

"முன்னால் வந்து நின்றபோது பார்த்தேன். எரிந்தது."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அவன் வண்டி என்ன நிறம்?" என்று கேட்டார்.

"தெரியலப்பா. முகம்தான் நினைவிருக்கு."

"காற்றைக் காட்டு" என்றார். அவர் இழுத்த வேகத்தில் ஒட்டுத்தாள் நடுவில் கிழிந்து போயிற்று. மறுபடி மூலையிலிருந்து தொடங்கினார்கள். முழுவதும் உரிந்து, சவர்க்கார நீரால் பசையைத் தேய்த்துக் கழுவி முடிக்கும்போது தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. மகன் உள்ளேயிருந்து கைகாட்டினான்; அவன் பல்வரிசைகூடத் தெரிந்தது.

மறுநாள் வண்டி பட்டறையில். பட்டறைக்காரர் கதவின் உட்பலகையைக் கழற்றியபோது எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். கண்ணாடியைத் தூக்கும் பொறியில் மெல்லிய கம்பிவடம் ஒன்று சிறு உருளைகளில் சுற்றி ஓடும். மின்விசை அந்த வடத்தை இழுக்கும்போது கண்ணாடி ஏறி இறங்கும். அந்த வடம் இழை இழையாகப் பிரிந்து, அறுந்துவிடும் நிலையில் இருந்தது. கண்ணாடியைப் பிடித்திருந்த நெகிழிப் பிடி உடைந்திருந்தது. கதவின் அடியில் பழைய கண்ணாடியின் கற்கண்டுத் துண்டுகளும் இருபது சென் காசுகள் இரண்டும் கிடந்தன. கூடவே நீல நிற ரப்பர் துண்டு ஒன்று.

"இது என்ன அண்ணே, செருப்பா?" என்று பட்டறைக்காரர் அதைத் தூக்கிக் காட்டினார்.

"என்னுடைய கண்டுபிடிப்பு" என்றார் அவர். அந்த இரண்டு நாள்களில் அவர் சிரித்தது அப்போதுதான்.

புதிய பொறிக்கும் கூலிக்கும் கொடுத்த பணத்தோடு, ஓடாத இரண்டு நாளின் வருமானத்தையும் மறுசோதனைக் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்தால், தொடக்கத்திலேயே சரிசெய்திருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட எவ்வளவோ அதிகம். அந்தக் கணக்கை மனைவி ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வைத்தார். ஒரு வாரம் அது அங்கேயே இருந்தது.

அனுமதி முடிய ஒரு நாள் இருக்கும்போது மறுசோதனை. இம்முறை வேறு சோதகர். கருவியை வைத்தார், 76 என்று காட்டியது. பொத்தானை அழுத்தினார், கண்ணாடி ஓசையின்றி இறங்கி, ஓசையின்றி ஏறியது. தாளைக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். அந்த இளைஞரான முதல் சோதகர் தொலைவில் வேறொரு தடத்தில் ஒரு வேனின் அடியில் குனிந்திருந்தார். அவரிடம் ஏதாவது சொல்லலாமா என்று ஒரு கணம் நின்றார். என்ன சொல்வது என்று தெரியாமல் கிளம்பிவிட்டார்.

இப்போதும் அவர் அதே வண்டியைத்தான் ஓட்டுகிறார். மேரு பக்கம் உணவுக் கடைகளுக்கு முன்னால், பெட்டி பொருத்திய மோட்டார் சைக்கிள்கள் மாலையில் வரிசையாக நிற்கும். அந்த இடம் வந்தால் அவர் வேகத்தைக் குறைத்து, சன்னலை இறக்குகிறார். பையன்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பையனின் முகம் அவருக்கு நினைவில்லை. கோபத்தில் சரியாகப் பார்க்கவில்லை. மகள் உடன் வரும் நாள்களில் மட்டும், "இருக்கிறானா?" என்று கேட்பார். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, "இல்லப்பா" என்பாள்.

வெயிலுக்குத்தான் வழியில்லாமல் போயிற்று. வலக்கை மீண்டும் எரியத் தொடங்கியது. மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள் முழங்கைக்கு மேல்வரை இழுத்துப் போட்டுக்கொள்ளும் துணி உறை இரவுச் சந்தையில் கிடைக்கும். மகள் தன் கைச்செலவுக் காசில் ஒரு சோடி வாங்கி வந்தாள். அவர் வலக்கைக்கு மட்டும் அதைப் போட்டுக்கொள்கிறார். இடக்கைக்குரியது இன்னும் பிரிக்கப்படாமல், வலப்பக்கக் கதவின் பையில், சுங்கச் சாவடி அட்டைக்குப் பக்கத்தில் கிடக்கிறது.